கடைசிப் பக்கத்து முகவரி: வெளிநாடுவாழ் வாக்காளருக்கு ஊர் எது?

2024 மக்களவைத் தேர்தலின்போது வெளிநாடுவாழ் வாக்காளர்களாகப் பட்டியலில் இருந்தவர்கள் 1,19,374 பேர். வாக்குச்சாவடிக்கு வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். இந்த இரண்டு எண்களிலும் பெரும்பங்கு கேரளத்துக்கு உரியது: பதிவில் 89,839, வாக்களிப்பில் 2,670. கேரளத்தைக் கழித்துவிட்டால் மற்ற மாநிலங்கள் எல்லாம் சேர்ந்தும் மிஞ்சுவது 288 பேர். இந்தியக் குடியுரிமையை விடாமல் அயல்நாடுகளில் வாழ்வோர் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கு மேல் என்பது வெளியுறவு அமைச்சகத்தின் மதிப்பீடு. நூற்றுக்கு ஒருவர்கூடப் பதியவில்லை; பதிந்தவர்களிலும் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் வந்திருக்கிறார்கள்.

விமானக் கட்டணம், விடுப்பு, அக்கறையின்மை என்று இதற்கு வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். அவை பொய்யல்ல. ஆனால் விமானக் கட்டணம் வாக்களிக்க வராததைத்தான் விளக்கும். வீட்டிலிருந்தே இணையத்தில் செலவில்லாமல் செய்யக்கூடிய பதிவை ஏன் செய்யவில்லை என்பதை விளக்காது. அந்தக் கேள்விக்கு விடை தேடினால், ‘ஒருவர் எந்த ஊர்க்காரர்’ என்பதை நம் தேர்தல் சட்டம் எப்படித் தீர்மானிக்கிறது என்ற இடத்தில் போய் நிற்கிறோம்.

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி ஒருவர் தொகுதியின் பட்டியலில் இடம்பெற இரண்டு தகுதிகள் போதும். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தத் தொகுதியில் ‘சாதாரணமாகக் குடியிருப்பவராக’ இருக்க வேண்டும். வயதில் சிக்கல் இல்லை. குடியிருப்புக்கோ சட்டம் நேரான இலக்கணம் தரவில்லை; எது குடியிருப்பு ஆகாது என்று சொல்லியே நகர்கிறது. ஊரில் சொந்த வீடு இருப்பதாலேயே அங்கே குடியிருப்பவர் ஆகிவிட முடியாது. தற்காலிகமாக ஊரைவிட்டுப் போயிருப்பதாலேயே குடியிருப்பை இழந்துவிடுவதும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் போய் அதை ஏழு முறை புதுப்பித்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வருகிற ஒருவரை எங்கே வைப்பது?

ராணுவத்தினருக்குச் சட்டம் தொடக்கத்திலேயே வழி செய்துவிட்டது. எல்லையில் இருக்கும் சிப்பாய், பணி நிமித்தம் போகாதிருந்தால் எந்த ஊரில் இருந்திருப்பாரோ அந்த ஊரில் இருப்பவராகவே கருதப்படுவார். வெளிநாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் வேலை பார்க்கும் அரசு ஊழியருக்கும் அப்படியே. உடன் வாழும் மனைவிக்கும் அந்தச் சலுகை உண்டு. பெண் அதிகாரியின் கணவருக்கு மட்டும் 2021-இல் சட்டம் திருத்தப்படும்வரை இல்லை. ஆக, இல்லாத இடத்தில் இருப்பதாகக் கொள்வது நம் தேர்தல் சட்டத்துக்குப் புதிதல்ல. யாருக்கு அதை வழங்குவது என்பதில்தான் தயக்கம்.

இதில் ஒரு வேடிக்கையான வரலாறும் உண்டு. மாநிலங்களவை வேட்பாளர் அந்தந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதி 2003 வரை இருந்தது. 1991-இல் நிதியமைச்சரான மன்மோகன் சிங் அசாமிலிருந்து மாநிலங்களவைக்குப் போனார். அதற்காகக் குவாஹாட்டியில் ஒரு வாடகை முகவரி. திஸ்பூர் தொகுதியின் பட்டியலில் பெயர். வாழ்க்கை முழுக்க டெல்லியில் நடந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவர் அசாம்வாசி. அதே மன்மோகன் சிங்தான் பிரதமராக 2010 ஜனவரியில், அயல்நாட்டு இந்தியர் மாநாட்டு மேடையில், அடுத்த பொதுத் தேர்தலுக்குள் வெளிநாடுவாழ் இந்தியருக்கு வாக்குரிமை கிடைக்கும் என்று நம்பிக்கை தெரிவித்தார். அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. 20ஏ என்ற புதுப் பிரிவு 2011 பிப்ரவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டே மாதத்தில், ஏப்ரல் 13 அன்று, தமிழ்நாடும் கேரளமும் சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்தன.

20ஏ என்ன சொல்கிறது? வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியர், வேலைக்கோ படிப்புக்கோ வேறு காரணத்துக்கோ, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ வெளிநாட்டில் இருந்தால், அவருடைய பாஸ்போர்ட்டில் குறிக்கப்பட்டுள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ அந்தத் தொகுதியில் பதிந்துகொள்ளலாம். ‘தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ’ என்பது தாராளமான சொல்லாட்சி. எத்தனை ஆண்டு ஊரைவிட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை என்று அர்த்தம். இவ்வளவு தாராளம் காட்டிய சட்டம், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் முகவரியில் வந்து முடிச்சுப் போட்டுவிட்டது.

அந்த முகவரி வாக்குரிமையை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. காவல் துறைச் சரிபார்ப்புக்கு வசதியாக, விண்ணப்பிக்கும் நாளில் கையிலிருந்த ஆவணத்தைக் கொண்டு எழுதப்படுவது அது. முதல் பாஸ்போர்ட் எடுத்தபோது சென்னையில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்த தஞ்சாவூர்க்காரருக்குச் சென்னை முகவரி விழுந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்பு பாஸ்போர்ட் எடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டு முகவரி. வெளிநாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் புதுப்பித்துக்கொண்ட பலருக்கு அந்த நாட்டு முகவரியே அச்சாகியிருக்கும். அவர்களுக்குத் தொகுதி எது என்பதற்குச் சட்டத்தின் வாசகத்தில் பதில் இல்லை.

படிவம் 6ஏ-யை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்தால் யாரை மனத்தில் வைத்து அதைத் தயாரித்தார்கள் என்பது புரியும். பாஸ்போர்ட் எண், வழங்கிய இடம், வழங்கிய நாள், முடியும் நாள், விசா எண், அதன் வகை, முடியும் நாள், வழங்கிய அதிகாரி, இந்தியாவிலுள்ள இருப்பிடத்தை விட்டுப் புறப்பட்ட நாள், புறப்பட்ட காரணம். படமும் முகவரியும் உள்ள பாஸ்போர்ட் பக்கங்களின் நகலோடு, செல்லுபடியாகும் விசாப் பக்கத்தின் நகலும் இணைக்க வேண்டும். அலுவலக வேலையில் இருப்பவருக்கு இது பத்து நிமிட வேலை. அக்காமா எனும் குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கப்படாமல் கம்பெனிக்கும் தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் அலைந்துகொண்டிருக்கும் கட்டடத் தொழிலாளிக்கு, விசா பற்றிய அந்தக் கட்டமே வாசலை அடைத்துவிடும். வெளிநாட்டில் அவர் சட்டப்படி இருக்கிறாரா என்பதற்கும், சொந்த நாட்டில் அவருடைய வாக்குரிமைக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்கு விளங்கவில்லை.

விண்ணப்பம் வந்ததும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பாஸ்போர்ட் முகவரிக்கு நேரில் போவார். உறவினர் யாராவது இருந்தால் நகல்களைக் காட்டி உறுதி செய்துகொள்வார். வீடு பூட்டிக் கிடந்தாலோ, இருப்பவர்கள் உறுதிசொல்லத் தயங்கினாலோ, விவகாரம் அந்தந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போகும். சேர்க்கப்பட்டால், அந்த வாக்குச்சாவடிப் பட்டியலின் கடைசிப் பகுதியில், வெளிநாடுவாழ் வாக்காளர் என்ற தனித் தலைப்பின் கீழ் பெயர் வரும். வாக்காளர் அட்டை தரமாட்டார்கள். தேர்தலன்று அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்து நின்றால்தான் வாக்கு. பட்டியலில் பெயர் எழுதும்போது ஊரில் இருப்பவராகக் கருதும் அதே சட்டம், விரலில் மை வைக்கும்போது உடம்போடு வந்தாக வேண்டும் என்கிறது. சிப்பாய்க்குக் கிடைத்த கற்பிதத்தில் பாதியைத்தான் வெளிநாடு போன சபுராளிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பின் ஏன் வளைகுடா போன பலர் 6ஏ பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை? அவர்களில் கணிசமானவர்களின் பெயர் ஏற்கெனவே சாதாரணப் பட்டியலில் இருக்கிறது என்பதுதான் பதில். கீழக்கரையிலோ, அதிராம்பட்டினத்திலோ, கடையநல்லூரிலோ, கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்திலோ வாக்காளர் சரிபார்ப்புக்கு ஆள் வந்தால் வாசலில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். “பையன் எங்கம்மா?” “துபாய்லதான் இருக்கான், தம்பி. வர்ற மாசம் லீவுல வருவான். பேர எடுத்துடாதீங்க.” வந்தவரும் அதே ஊர்க்காரராகவோ பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். பெயரை எடுப்பதில்லை. மகன் லீவில் வரும்போது தேர்தல் வந்தால் வாக்களிப்பான், இல்லாவிட்டால் இல்லை. ரேஷன் அட்டையில் பெயர் இருப்பது போல வாக்காளர் பட்டியலிலும் பெயர் இருப்பது குடும்பத்தில் அவனுடைய இடத்துக்குச் சாட்சி. தாயிடம் போய் “உங்க மகன் இங்க குடியிருக்கவில்லை” என்று யார் சொல்வது?

இந்த ஊர் வழக்கத்தின்மீது 2025-இல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்து விழுந்தது. தமிழ்நாட்டில் நவம்பர் 4 முதல் வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்தார்கள். ஊரில் இல்லாதவருக்காகக் குடும்பத்தில் வயதுவந்த ஒருவர் உறவைக் குறிப்பிட்டுக் கையெழுத்திடலாம் என்ற வசதி இருந்தது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதலிடம் இடம்பெயர்வு. வெளிநாட்டில் இருப்பவரின் நிலை இந்தத் திருத்தத்தில் பெரும்பாலும் தாயோ மனைவியோ படிவத்தில் என்ன எழுதினார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்தது. ‘தற்காலிகமாகப் போயிருக்கிறார்’ என்று கையெழுத்திட்ட வீட்டில் பெயர் இருக்கும். ‘வெளிநாட்டில் இருக்கிறார்’ என்று உள்ளதைச் சொன்ன வீட்டில் பெயர் போயிருக்கும். ஒரே தெருவில், ஒரே நாட்டில் வேலை செய்யும் இருவருக்கு இருவேறு முடிவு. பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது சட்டத்தின் 31-ஆவது பிரிவு. எது பொய், எது தற்காலிகம் என்று அந்தத் தாய்க்கு விளக்கிச் சொன்னவர் எத்தனை பேர்?

இது வெறும் நடைமுறைக் குழப்பமல்ல என்பதற்குக் கேரளத்தின் வடகோடித் தொகுதியான மஞ்சேஸ்வரம் சாட்சி. 2016 சட்டமன்றத் தேர்தலில் முஸ்லிம் லீக்கின் பி.பி. அப்துல் ரசாக், பா.ஜ.க.வின் கே. சுரேந்திரனை 89 வாக்குகளில் வென்றார். இறந்தவர்கள் பெயரிலும், வாக்குப்பதிவன்று வெளிநாட்டில் இருந்தவர்கள் பெயரிலும் வாக்குகள் விழுந்திருக்கின்றன என்று சுரேந்திரன் உயர் நீதிமன்றம் போனார். 2018-இல் ரசாக் காலமானார். அடுத்த ஆண்டு சுரேந்திரன் வழக்கைத் திரும்பப் பெற்றார். குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. ஆனால் அது எழ முடிந்ததற்கான இடம் உண்மையானது: ஊரில் இல்லாதவர்களின் பெயர்கள் சாதாரணப் பட்டியலில் இருக்கும் வரை, அந்தப் பெயர்களில் வேறு கைகள் பொத்தானை அழுத்தின என்ற சந்தேகத்தைத் தடுக்க வழியில்லை. 6ஏ பட்டியலில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அசல் பாஸ்போர்ட் இல்லாமல் அங்கே யாரும் கையெழுத்திட முடியாது.

கேரளம் இந்த விஷயத்தில் முன்னால் நிற்பதற்குக் காரணம் அங்குள்ள கட்சிகள் வளைகுடாவில் கிளை பரப்பியிருப்பதுதான். தேர்தலுக்குத் தேர்தல் லீக்கின் சார்பு அமைப்பான கே.எம்.சி.சி. ஆட்களைத் திரட்டி விமானம் ஏற்றி அனுப்புகிறது. ‘வோட்டு விமானம்’ என்றே பத்திரிகைகள் எழுதுகின்றன. வாக்காளரை இலவசமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது நம் சட்டப்படி ஊழல் நடவடிக்கை. ஆனால் 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ‘வண்டி’ என்பதற்குத் தரும் விளக்கம் சாலையில் ஓடக்கூடியதை மட்டுமே குறிக்கிறது. மாட்டுவண்டி அகப்படும், விமானம் அகப்படாது. டிக்கெட்டை யாராவது இனாமாக வாங்கிக் கொடுத்தால் அது லஞ்சமாகலாம். அது வேறு பிரிவு.

பிற நாடுகள் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்திருக்கின்றன. பிரிட்டன் 1985-இல் வெளிநாடு போனவர்களுக்கு ஐந்தாண்டுக் காலம் வாக்குரிமை தந்தது. பிறகு அது இருபதாகி, பதினைந்தாகச் சுருங்கியது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் போரிட்டு, பின்னாளில் அங்கேயே குடியேறிய ஹாரி ஷிண்ட்லர் அந்தப் பதினைந்தாண்டு வரம்பை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2013-இல் தோற்றார். நாடாளுமன்றம் 2022-இல் வரம்பை நீக்கியது. 2024 ஜனவரி 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குள், 2023-இல், நூற்றொரு வயதில் அவர் இறந்துவிட்டார். அங்கே தொகுதியைத் தீர்மானிப்பது பாஸ்போர்ட் அல்ல. கடைசியாக எந்த முகவரியில் வாக்காளராக இருந்தாரோ, அல்லது குடியிருந்தாரோ, அந்த முகவரி. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிரான்ஸ் இன்னும் ஒரு படி தாண்டி, வெளிநாட்டில் வாழ்வோருக்கென்றே 11 தொகுதிகளைப் பிரித்துவிட்டது. 2012 முதல் அவர்களுக்குத் தனி உறுப்பினர்கள். இத்தாலியும் அப்படியே. ஊரோடு வாக்கைக் கட்டாமல் விட்டால் ‘எந்த ஊர்’ என்ற தகராறே இல்லை.

பிரிட்டனில் இன்னொரு விநோதமும் இருக்கிறது. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான அனுமதியோடு அங்கே குடியிருந்தால், பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். ஈஸ்ட் ஹாமில் இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கும் கும்பகோணத்துக்காரர், வீட்டுக்கு வரும் படிவத்தை நிரப்பி அனுப்பினால் அந்த நாட்டின் பிரதமர் யார் என்பதில் அவருக்குப் பங்கு உண்டு, தபாலிலும் வாக்களிக்கலாம். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரருக்கும், இலங்கை பாஸ்போர்ட்டோடு இருந்தாலும், அதே உரிமை. அவருடைய சொந்த நாடு வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க எந்த வழியும் செய்யவில்லை. கும்பகோணத்துக்காரர் லண்டன் பட்டியலில் இருப்பது 20ஏ-க்குத் தடையில்லை. குடியுரிமை மாறியதா என்பதை மட்டுமே அந்தப் பிரிவு கேட்கிறது. ஆகவே அவர் ஒரே நேரத்தில் இரு நாடுகளிலும் ‘குடியிருப்பவர்’. தூரதேசத்தில் கிடைத்த வாக்கு எளிதாகவும், சொந்த ஊர் வாக்கு எட்டாமலும் இருப்பது அவருடைய விதி.

இருபது ஆண்டு ஊரைவிட்டுப் போனவர் உள்ளூர் எம்.எல்.ஏ.வை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. குடிநீர்க் குழாயில் தண்ணீர் வராததை அனுபவிப்பவர் ஒருவர், வாக்களிப்பவர் வேறொருவரா? வாதம் நியாயமானதுதான். ஆனால் அது அமெரிக்காவில் குடியேறியவருக்குப் பொருந்துகிற அளவு வளைகுடாவில் வேலை செய்பவருக்குப் பொருந்தாது. அமெரிக்கா போனவர் ஒருநாள் அந்நாட்டுக் குடிமகனாகி, இங்குள்ள வாக்குரிமையைத் தாமாகவே இழந்துவிடுவார்; பிறகு எடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வாக்குரிமை தராது. வளைகுடா நாடுகள் தொழிலாளிக்குக் குடியுரிமை தருவதில்லை. முப்பது ஆண்டு உழைத்தாலும் அவர் இந்தியராகவே இருந்து, வேலை முடிந்ததும் இங்கேதான் திரும்பி வந்தாக வேண்டும். மாதாமாதம் அனுப்பும் பணம் அந்த ஊர்ப் பள்ளிக் கட்டணமாகவும் வீட்டுச் சுவராகவும் மாறுகிறது. ஊர் விவகாரத்தில் அவருக்கு இருக்கும் பந்தத்தைவிட நெருங்கிய பந்தம், வார இறுதியில் மட்டும் ஊருக்கு வரும் சென்னைவாசிக்கு இருக்கிறதா என்பது சந்தேகம்.

வாக்களிக்கும் முறைக்கு வருவோம். நேரில் வராமலே வாக்களிக்க உரிமை கேட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் 2013 முதல் நடந்தன. அமீரகத்தில் வாழும் மருத்துவர் வி.பி. ஷம்ஷீர் தொடுத்தது அவற்றில் பிரபலம். அரசு கொண்டுவந்த தீர்வு, பதிலாள் மூலம் வாக்களிப்பது. அதற்கான மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் நிறைவேறாமல், 2019-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. போனது நல்லதுக்கே என்பேன். ராணுவத்தினருக்கு 2003 முதல் இந்த வசதி இருக்கிறது. அங்கே எண்ணிக்கை குறைவு. வளைகுடாக் குடும்பங்களில் பதிலாள் என்றால் அண்ணனோ மாமாவோ கட்சியின் கிளைச் செயலாளரோதான். வாக்கு யாருக்கு விழுந்தது என்று கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

மற்றொரு வழி மின்னணு வழியில் அனுப்பப்படும் தபால் வாக்கு. வாக்குச்சீட்டு இணையத்தில் வரும். அச்செடுத்து, குறியிட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். 2019 மக்களவைத் தேர்தலில் ராணுவத்தினர் உள்ளிட்ட சுமார் 18 லட்சம் பணிசார் வாக்காளர்களுக்கு இப்படிச் சீட்டு போனது, ஏறத்தாழ 10.8 லட்சம் திரும்பி வந்தன. அறுபது சதவீதம். இதையே வெளிநாடுவாழ் வாக்காளருக்கும் விரிக்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2020 நவம்பரில் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. உறுதிமொழிப் படிவத்துக்குத் தூதரக அதிகாரி சான்றொப்பமிட வேண்டும் என்பதில் வந்து இது சிக்கியது. இத்தனை பேருக்கு ஒப்பமிட ஆளில்லை என்பது ஒரு கவலை. மன்னராட்சி நாடுகளில் இதற்கு அனுமதி கிடைக்குமா என்பது இன்னொன்று.

சான்றொப்பம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ராதாபுரம் நமக்குக் காட்டியது. 2016-இல் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றார். தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்ட 203 தபால் வாக்குகளை, ஒப்பமிடத் தகுதியுள்ள அதிகாரி அல்ல என்று ஒதுக்கியிருந்தார்கள். உயர் நீதிமன்றம் 2019-இல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியரின் ஒப்பத்துக்கே இந்தப் பாடு என்றால், தூதரகத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள முகாமில், வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை கிடைக்கும் தொழிலாளி ஒப்பத்துக்கு எங்கே போவார்? பாஸ்போர்ட்டை வைத்தே பதிவு செய்த ஒருவரை, அதே பாஸ்போர்ட் எண்ணையும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் கொண்டு சரிபார்த்தால் போதாதா? அரசின் மற்றச் சேவைகள் பலவற்றுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

முதலில் மாற வேண்டியது வாக்களிக்கும் முறையல்ல, முகவரி. 20ஏ-யில் ‘பாஸ்போர்ட்டில் உள்ள முகவரி’ என்ற இடத்தில் ‘கடைசியாகக் குடியிருந்த அல்லது வாக்காளராக இருந்த முகவரி’ என்று வந்தால், சாதாரணப் பட்டியலில் ஒதுங்கியிருக்கும் லட்சக்கணக்கானோர் மறைக்க ஏதுமில்லாமல் 6ஏ-க்கு மாறிக்கொள்ள முடியும். பட்டியல் உண்மையானால்தான் தபால் வாக்கை நம்பிக் கொடுக்க முடியும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பட்டியலைக் கத்தரித்துவிட்டு வாக்களிக்கும் முறையைத் தள்ளிப் போட்டால், வெளிநாட்டில் இருப்பவர் இரண்டிலிருந்தும் வெளியே நிற்பார்.

அதுவரை, வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது இந்திய முகவரியையே போடச் சொல்லுங்கள். வரைவுப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் படிவம் 6 அல்ல, 6ஏ-தான் கொடுக்க வேண்டும். ஊருக்கே திரும்பி வந்த பிறகுதான் படிவம் 6. இரண்டு இடத்தில் பெயர் இருக்கக்கூடாது. வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது.

அரசுக்கும் ஆணையத்துக்கும் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கம். பதிலாள் முறைக்கு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். தபால் வாக்குக்கு அது தேவையில்லை. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, அரசைக் கலந்துகொண்டு எந்தப் பிரிவினருக்கும் தபால் வாக்கை அறிவிக்கும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணையத்துக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி வந்தது அந்த அதிகாரத்தால்தான்.